ஒன்றரை மணி நேரக் கையிருப்பு

இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய வேனில் ஏறிய ஒரு பயணிகூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை.

உல்லாசக் கப்பல் காலையில் துறைமுகத்துக்கு வரும். சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் எட்டு மணி நேரத்துக்குள் ஊரைச் சுற்றிக் காட்டி, போட்டோ எடுக்க வைத்து, சாப்பிட வைத்து, பயணிகளை மறுபடியும் துறைமுக கேட்டில் இறக்கிவிட வேண்டும். அதுதான் அவர் தொழில். மற்ற டிரைவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார்கள். இவர் ஒன்றரை மணி நேரம் கையிருப்பு வைத்துத்தான் திட்டமே போடுவார். டயர் பஞ்சராகலாம். பாலத்தில் லாரி படுத்துக்கொள்ளலாம். பயணி ஒருவர் பர்ஸைத் தொலைத்துவிட்டு ஒப்பாரி வைக்கலாம். எது நடந்தாலும் அந்த ஒன்றரை மணி நேரம் தாங்கும். வேன் ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே 'கரெக்ட்' தான். எரிச்சல் வரும்போது மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒரு கப்பல் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் அந்தப் போன் வந்தது.

"கரெக்ட்டண்ணே, ஒரு புக்கிங். டிரைவர் நீங்கதான் வேணும்னு கேட்டிருக்காங்க," என்றாள் புக்கிங் ஆபீஸ் பெண். "பெரியவங்க ஒருத்தர், அஞ்சு வயசுக் குழந்தை ஒண்ணு. இருபதாம் தேதிக் கப்பல்."

"பேரு?"

படித்தாள்.

அந்தப் பெயரை வைத்ததே அவர்தான்.

"லைன்ல இருக்கீங்களாண்ணே? கீழ ஒரு வேண்டுகோள் வேற எழுதியிருக்காங்க. திரும்பி வரும் நேரம் முக்கியமில்லையாம். கப்பல்ல வர்றவங்க இப்படி எழுதி இப்பத்தான் பார்க்கறேன்."

"புதுசா வர்றவங்களுக்கு என்ன தெரியும். நான் பார்த்துக்கறேன்," என்றார். குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது.

ஏழு வருடம். மகள் தனக்குப் பிடித்தவனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட அன்று அவர் போகவில்லை. பெரிய சண்டைகூட இல்லை. "அன்னைக்கு எனக்குக் கப்பல் இருக்கு," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கப்பல் இருந்தது உண்மை. மாற்று டிரைவர் இருந்ததும் உண்மை. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மகள் நாலு வார்த்தை திருப்பிப் பேசிவிட்டுச் சமாதானமாகியிருப்பாள். சொல்லவில்லை. அவளும் வேறு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவுக்குப் போன். கடைசியில், "அப்பா எப்படி இருக்கார்?" என்பாள். "பேசறியா?" என்று அம்மா கேட்டால், குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள்.

இப்போது வருகிறாள். அப்பாவைப் பார்க்க ஒரு பயணியைப் போலப் பதிவு செய்துகொண்டு வருகிறாள். கையில் இருப்பது எட்டு மணி நேரம். அதற்குள் மகள் தன்னிடம் திரும்பிவிட வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஆகவே அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். கோடு போட்ட தாளை எடுத்துத் திட்டம் எழுதினார்.

சாப்பாட்டு மேஜையில் அவர் எழுதி முடித்ததை மனைவி வாங்கிப் படித்தாள். கலங்கரை விளக்கம், அருவி, மலை முனை, கடைத்தெரு.

"வீடு எங்க?"

"என்ன வீடு?"

"நம்ம வீடு. இதுல காணோமே."

"வீடு எதிர்த் திசையில இருக்கு. போக வர எண்பது நிமிஷம் போயிடும்."

"ஏழு வருஷம் கழிச்சு வர்ற பொண்ணுக்கு அருவியைக் காட்டிட்டு அனுப்பிடுவீங்களா? அருவியா அவளைப் பெத்தது?"

அருவி அடிபட்டது. வீட்டுக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கினார். கையிருப்பில் மட்டும் கை வைக்கவில்லை.

"கலங்கரை விளக்கம் இருபத்தஞ்சு நிமிஷம்," என்று மனைவி மேலே படித்தாள். "பார்க்க பதினஞ்சு, பேச பத்து. என்ன பேச?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "மன்னிப்புக் கேக்க."

அவள் சிரிக்கவில்லை. "இதுக்கெல்லாம் நேரம் போட்டா எழுதுவாங்க?"

"எழுதலைன்னா செய்ய மாட்டேன். உனக்குத் தெரியாதா என்னை?"

"தெரியும். ஆனா பத்து நிமிஷம் அதிகம். ரெண்டாவது நிமிஷத்துல உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும். மிச்ச நேரம் அவ கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கட்டும்."

முந்தின நாள் ஒத்திகை பார்த்தார்கள். மகள் உட்காரப்போகும் முன் சீட்டில் மனைவி. பேத்திக்குப் பதிலாகப் பின்னால் பெல்ட் மாட்டிய ஒரு தலையணை. அவர் கையில் ஸ்டாப் வாட்ச்.

"இறங்கு. போட்டோ எடு," என்றார் கலங்கரை விளக்கத்தடியில்.

"எதை வச்சு எடுக்கறது?"

"எடுக்கற மாதிரி நில்லு. ஆறு நிமிஷம்."

அவள் இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றாள். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, இப்ப பேசற நேரம்."

"பேசுங்க."

தொண்டையைச் செருமினார். "அம்மாடி," என்றார். அதற்குமேல் வரவில்லை. ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னை அவளா நினைச்சுக்கோங்க."

"நினைச்சுக்கிட்டதாலதான் வரமாட்டேங்குது."

இருபதாம் தேதி காலை கேட்டுக்கு வெளியே கழுவித் துடைத்த வேனோடு நின்றார். கூட்டத்தோடு கூட்டமாக மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாண்டு, அசப்பில் மகளையே சுருக்கி வைத்ததுபோல. மருமகன் வரவில்லை.

கிட்டே வந்து நின்றாள். "அப்பா."

அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாட்ச்சைப் பார்த்தார். "எட்டரைக்கு இறக்கியிருக்கணும். பதினோரு நிமிஷம் லேட்டு."

ஏழு வருடம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மகள் சிரித்துவிட்டாள். "அப்படியேதான் இருக்கீங்க. பாப்பா, யாரு சொல்லு?"

"டிரைவர்," என்றது வாண்டு.

"தாத்தா."

"டிரைவர் தாத்தா," என்று சமரசம் செய்துகொண்டது.

கலங்கரை விளக்கத்தில் கடல் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பேசுவதற்கான நேரம் வந்தது. தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து, "அம்மா, பாத்ரூம்," என்றது வாண்டு. பாத்ரூம் கீழே இருந்தது, வரிசையும் இருந்தது. மகள் குழந்தையோடு திரும்பி வந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"ஏதோ சொல்ல வந்தீங்களேப்பா?"

"அப்புறம் சொல்றேன். அம்மா காத்துக்கிட்டிருப்பா," என்று வேன் கதவைத் திறந்தார். தாளில் அந்த வரி முடிந்துபோயிருந்தது.

வீட்டில் அம்மாவும் மகளும் சமையலறைக்குள் போனவர்கள் வரவில்லை. சாப்பாடு மேஜையில் ஆறியது. கூடத்தில் தாத்தாவின் வாட்ச்சைக் கழற்றி வாங்கிக்கொண்ட வாண்டு, ஏன் ஒரு முள் மட்டும் ஓடுகிறது, மற்றது இரண்டும் சோம்பேறியா என்று விசாரணை நடத்தியது. நாற்பது நிமிடம் கழித்து அவர் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "டைம் ஆச்சு."

மனைவியின் கண் சிவந்திருந்தது. ஏழு வருட அழுகை என்று நினைத்துக்கொண்டார். அவள் வாசல்வரை வந்து வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா போங்க. ஒரு அவசரமும் இல்ல. கேக்குதா? ஒரு அவசரமும் இல்ல."

"அவசரமில்லைன்னு சொல்லிச் சொல்லித்தான் ஜனங்க கப்பலை விடறாங்க," என்று கியரைப் போட்டார்.

மலை முனைக்குப் போகும் வழியில் வாண்டு தூங்கிவிட்டது. மகள் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இங்க ஸ்கூலெல்லாம் இப்ப எப்படிப்பா?"

"அதோ, செவப்பு ஓடு தெரியுதே, அதான் பெரிய ஸ்கூல். நூத்திப் பத்து வருஷக் கட்டடம். மணிக்கூண்டு மட்டும் பின்னாடி கட்டினது."

"கட்டடம் இல்லப்பா. சேர்க்கறது சுலபமா?"

"உள்ள போக முடியாதும்மா. டூரிஸ்ட்டுங்களை விடறதில்லை."

வேன் மூன்று வளைவு ஏறியது.

"கப்பலை விட்டுட்டா என்னப்பா ஆகும்?"

அவர் முகம் மலர்ந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பயணிகள் கேட்கும் கேள்வி. அவரைப்போல இதற்குப் பதில் சொல்ல அந்தத் துறைமுகத்தில் ஆள் கிடையாது.

"நாலரைக்கு எல்லாரும் ஏறியிருக்கணும். அஞ்சு மணிக்குக் கிளம்பிடும். ஏறாதவங்க பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க. பெட்டியெல்லாம் கப்பலோட போயிடும். அடுத்த துறைமுகத்துல போய்ப் பிடிச்சுக்க வேண்டியதுதான்."

"பெட்டியை முன்னாடியே இறக்கிட்டா?"

"எதுக்கு இறக்கணும்?"

"சும்மா கேக்கறேன். ஒருத்தி இறங்கினவ, திரும்பி ஏறவே இல்லைன்னா?"

"பைத்தியக்காரிதான் அப்படிச் செய்வா. டிக்கெட் எடுத்தாச்சு, ரூம் இருக்கு, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கு." மகள் பயப்படுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அப்பாவை நம்பி வந்தவளுக்கு அந்தப் பயம் கூடாது. "நீ கவலைப்படாதம்மா. உன்னைக் கப்பல்ல கொண்டுபோய்ச் சேர்க்கறது என் பொறுப்பு. ஒரு நிமிஷம் பிசகாது."

"தெரியும்ப்பா," என்றாள் மகள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மலை முனையில் அவள் இறங்கவே இல்லை, குழந்தை தூங்குகிறது என்றாள். கடைத்தெருவில் எதுவும் வாங்கவில்லை. சரியாக மூன்று மணிக்கு வேன் கேட்டில் நின்றது.

"நாலரை வரைக்கும் நேரம் இருக்கேப்பா."

"அதுதான் கையிருப்பு."

"அதை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல. இருந்தாப் போதும்."

மகள் தலையாட்டினாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். போகாமல் நின்றாள். ஏதோ எதிர்பார்க்கிறவளைப்போல அவர் முகத்தையே பார்த்தாள். இதுதான் சமயம் என்று அவருக்கும் பட்டது.

"அம்மாடி," என்றார்.

"சொல்லுங்கப்பா."

"கப்பல்ல ஏசி அதிகமா வைப்பாங்க. குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டுவிடு."

அவள் இன்னொரு விநாடி நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். தோளில் விழித்துக்கொண்ட வாண்டு அவரைப் பார்த்துக் கையை ஆட்டியது. தெரிகிற வரைக்கும் அவரும் ஆட்டினார்.

வேனைத் துடைத்தார். தாளை மடித்தார். மூன்று இருபதுக்கு வீட்டுக்குப் போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க? பக்கத்துல இருக்காளா?" என்று மனைவி அவசரமாகக் கேட்டாள். "குழந்தை இங்கயே தூங்கட்டும், பின்ரூமைத் துடைச்சு வச்சிருக்கேன்."

"எந்தக் குழந்தை? மூணு மணிக்கே ஏத்திவிட்டாச்சு."

"அவ கேக்கலையா உங்களை?"

"எதை?"

"அவளுக்கும் அவனுக்கும் ஒத்துவரலைங்க. மூணு மாசமாத் தனியா இருக்கா. கப்பல் டிக்கெட் போன வருஷமே மூணு பேருக்கும் எடுத்தது. அது இந்தத் துறைமுகத்துல நிக்கும்ங்கறதுக்காகத்தான் ஏறியிருக்கா. அவளோட நாலு பெட்டியும் கப்பல்ல இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வந்துட்டா. இங்க இறங்கிடணும்னு வந்திருக்கா."

"நீ ஏன் சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டா. அப்பா வாயிலேர்ந்து வரணும்மா, நான் கேட்டுப் பார்க்கறேன்னா. அதனாலதானே மெதுவா போங்கன்னு ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டுக் கதறினேன்."

மூன்று இருபத்தாறு.

அவர் ஓடினார். அந்த வயதுக்கு அது ஓட்டம்தான். மகளின் போன் அணைந்திருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அவரோடு இருபது வருடமாக டீ குடிப்பவன். அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று அவன் சொல்வதற்கு முன்பே, "விட வேண்டாம் தம்பி, கப்பலுக்குப் போன் போடு," என்றார்.

கப்பல் வாசலில் எடுத்தார்கள். அங்கிருந்து வரவேற்பு. வரவேற்பிலிருந்து அறை. மணி அடித்து நின்றது. மறுபடியும் வாசல், மறுபடியும் வரவேற்பு. அறையில் ஆள் இல்லை, மைக்கில் கூப்பிடுகிறோம் என்றார்கள். அந்த மைக் சத்தம் தண்ணீரைத் தாண்டி அவர் நின்ற இடம்வரை மங்கலாக வந்தது. மகளின் பெயர்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் லைனில் வந்தாள்.

"என்னப்பா, எதையாவது வேன்ல விட்டுட்டேனா?"

"இல்லம்மா. நீ இறங்கி வா. பெட்டி நாலையும் எடுத்துக்கிட்டு வா. நாலரை வரைக்கும் நேரம் இருக்கு."

"அம்மா சொல்லிட்டாங்களா?"

"சொன்னா. நீ வா, பேசிக்கலாம்."

"எத்தனை விதமா கேட்டேன்ப்பா இன்னைக்கு."

"எனக்குப் புரியலைம்மா. சத்தியமா புரியலை."

"தெரியும். கோவமெல்லாம் இல்ல. நாளைக்குப் போயேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களான்னு பார்த்தேன். ஒரு ராத்திரி தங்கிட்டுப் போன்னு. மிச்சத்தை நானே சொல்லியிருப்பேன்."

"இப்ப சொல்றேன். இரு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு."

"இப்ப விஷயம் தெரிஞ்சு சொல்றீங்க."

செக்யூரிட்டி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்மா. மாத்து டிரைவர் இருந்தான். நான் வேணும்னேதான் வரலை. தப்பு."

அவ்வளவுதான். பத்து விநாடிகூட ஆகவில்லை.

மகள் அழுவது கேட்டது. "இதைக் காலையில சொல்லியிருக்கலாமேப்பா."

"இறங்கி வாம்மா."

"அடுத்த துறைமுகத்துல என் சிநேகிதி ஒருத்தி இருக்கா. ரூமுக்கு வந்ததும் அவளுக்குப் பேசினேன். ஒண்ணுமே விளக்கலை. வர்றேன்னு மட்டும்தான் சொன்னேன். கப்பல் எத்தனை மணிக்கு வரும், நான் வந்து நிக்கறேன்னா. பாப்பா ஸ்கூலைப் பத்தி அவளாவே பேச ஆரம்பிச்சுட்டா. நான் சரின்னுட்டேன்ப்பா."

"சிநேகிதி வீட்டுக்கா? நான் அப்பா இல்லையா?"

"அதனாலதானே முதல்ல இங்க வந்தேன்."

அவர் கப்பலைப் பார்த்தார்.

"வெயில்ல நிக்காதீங்க. போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குப் போன் பண்றேன்," என்றாள். லைன் போய்விட்டது.

அவர் வெயிலிலேயே நின்றார். கேட்டுக்கு மற்ற டிரைவர்களின் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நிதானமாக, பிறகு ஓட்டமாக. நாலு இருபத்தேழுக்கு ஒரு குடும்பம், தொப்பியைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடியது. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"அண்ணே, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. மறுபடி போடட்டுமா?" என்றான் செக்யூரிட்டி.

"போடு."

அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவன் ரிசீவரை வைக்கப் போனான். வைக்காதே என்று கையைக் காட்டினார். கப்பலின் ஏணிப்படி மேலே போகிற வரைக்கும் மணி அடித்தது.

ஐந்து மணிக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் நூறு பேர் கையை ஆட்டினார்கள். எல்லா முகமும் ஒன்றுபோல இருந்தது. எது அவள் என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னாச்சு? வர்றாளா? உலை வைக்கணும். எத்தனை பேருக்குங்க?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்," என்றார்.

மறுமுனையில் அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. கப்பல் கரையை விட்டு விலகித் திரும்பி, துறைமுகத்து வாயைத் தாண்டி, சின்னதாகிப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.